காரணம்: குடும்பப் பராமரிப்பு

அத்தியாயம் 6

“இந்த இடத்துல ‘ஃபேமிலி மெயின்டனன்ஸ்’னு அடிச்சிருக்கே, அதுக்கு என்னம்மா அர்த்தம்?”

“குடும்பப் பராமரிப்பு. வெளிநாட்டுல இருக்கிற புருஷன் பொண்டாட்டிக்குப் பணம் அனுப்பினா அப்படித்தான் போடுவாங்க.”

“வேற யாரும் அனுப்புனா அப்படிப் போட மாட்டாவளா?”

“பெரும்பாலும் புருஷன்தான்.”

அதைப் பற்றிய மொத்தப் பேச்சே அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடைசி வார்த்தையை ஜெபசுதா அன்றிலிருந்து எத்தனை தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டாள் என்பதற்குக் கணக்கில்லை. பல் துலக்கும்போது சொல்லிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். எப்படிச் சொன்னாலும் அது ஒரு துப்பறிகிறவள் சொல்லக்கூடிய பதிலாக இல்லை. மேஜை இழுப்பறையில் செல்போன் சார்ஜரைத் தேடிக்கொண்டே, எதிரே நிற்கிறவளின் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒருத்தி சொன்ன பதிலாகத்தான் இருந்தது.

கேட்டவள் முத்தையாபுரத்து ஆறுமுகத்தாய். அவளுடைய மகன் சொரிமுத்து துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் கிரேன் ஓட்டுகிறவன். அவனுக்கும், முத்தையாபுரத்து மருந்துக்கடை ஒன்றில் பார்மசிஸ்டாக இருக்கும் ஜெயபிரியாவுக்கும் ஐப்பசியில் நிச்சயம் முடிந்து, தையில் கல்யாணம். இருவர் பேரிலும் சேர்த்து வீட்டுக் கடன் வாங்கலாம் என்று சொரிமுத்து கேட்டதற்கு, ஜெயபிரியா ஒளிவுமறைவு இல்லாமல் தன் பேங்க் ஸ்டேட்மென்டை எடுத்துக் கொடுத்திருந்தாள். அதில் மாதாமாதம் மஸ்கட்டிலிருந்து பணம் வந்திருந்தது. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பணம் அனுப்பும் கம்பெனியின் பெயர்தான் இருந்தது. காரணம் என்ற இடத்தில் அந்த இரண்டு வார்த்தைகள்.

ஆறுமுகத்தாய் அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து தூத்துக்குடிக்கு வந்து, ‘ஜெபசுதா விசாரணை நிலையம்’ என்று போர்டு மாட்டிய மாடிப்படியில் வலது காலைச் சாய்த்துச் சாய்த்து ஏறி வந்தாள். கல்யாண விசாரணைகளில்தான் அந்த ஆபீஸுக்கு வாடகையே ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்கு முன்னால் ஏதாவது உண்டா என்று கேட்டு வருகிறவர்களின் முகமெல்லாம் ஜெபசுதாவுக்கு ஒரே முகமாகிவிட்டிருந்தது. ஆறுமுகத்தாய் வந்ததும் அந்தப் பெண்ணைப் பற்றி நல்லதாகவே நிறையச் சொன்னாள். சர்க்கரைக்காகத் தான் போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசியை கம்பெனி ஸ்கீம் என்று பாதி விலைக்குத் தருகிறவளாம். ஆடியில் காலில் புண் வைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டிலுக்கே மருந்தைக் கொண்டுவந்து கொடுத்தவளாம். இவள்தான் நம் வீட்டு மருமகள் என்று அந்தக் கட்டிலில் கிடந்தபடிதான் முடிவு செய்தாளாம். ஜெபசுதா எல்லாவற்றையும் காதில் வாங்கினாள். மனதில் வாங்கவில்லை.

அன்று சாயங்காலமே கல்யாணம் நின்றுபோனது.

மறுநாள் ஜெயபிரியா வந்தாள். அழுவாள், ஏசுவாள் என்று ஜெபசுதா எதிர்பார்த்தாள். அவள் நாற்காலியில்கூட உட்காரவில்லை. தனக்குப் புருஷன் என்று யாரும் கிடையாது என்றாள். அப்படியானால் பணம் அனுப்புவது யார் என்று கேட்டதற்கு, அதை மட்டும் சொல்ல முடியாது என்று தலையை ஆட்டினாள். போகிறபோது வாசலில் திரும்பி நின்று, “சொல்லுததுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா அக்கா” என்றாள்.

ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம். அந்த ‘அக்கா’வைத்தான் ஜெபசுதாவால் தாங்க முடியவில்லை.

“ஆக, இந்தக் கேஸுக்குக் கட்சிக்காரர் யாரு?” என்று கேட்டான் செந்தூர்வேல்.

வேலு என்கிற செந்தூர்வேல் முன்பு மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். சில்லறை இல்லை என்ற பயணியிடம், அப்படியானால் வாட்சைக் கழற்றும் என்று சொல்லி, அந்தப் பயணி பஸ் முதலாளியின் மச்சினனாகப் போய்விட்டதில் வேலையை இழந்தவன். இரண்டு வருஷமாக ஜெபசுதாவுக்கு அவன்தான் உதவியாளன், பைக் ஓட்டுநர், வாய்.

“நான்தான் கட்சிக்காரர்” என்றாள் ஜெபசுதா.

“அப்ப ஃபீஸையும் நீங்களே குடுத்து நீங்களே வாங்கிக்கிடுங்க. நடுவுல எனக்குப் பெட்ரோலுக்கு மட்டும் ஒதுக்கிருங்க.”

ஆறுமுகத்தாய் கோபத்தில் விட்டுப் போயிருந்த ஜெராக்ஸ் மேஜையில் கிடந்தது. அதை மேலிருந்து வாசிக்கச் சொன்னாள் ஜெபசுதா. வாசித்துக்கொண்டே போன வேலு, முதல் இரண்டு தடவை வந்த பணத்துக்கு மட்டும் காரணம் ‘கிஃப்ட்’ என்று இருப்பதாகவும், அதற்குப் பிறகுதான் குடும்பப் பராமரிப்பு ஆகியிருப்பதாகவும் சொன்னான். ஜெபசுதா அவன் கையிலிருந்து தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். அது அங்கேதான் இருந்திருக்கிறது. அன்றைக்கு ஆறுமுகத்தாய் விரல் வைத்துக் காட்டிய வரியோடு நிறுத்தாமல் முதல் பக்கத்தைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

“ஏலே, நீ ஒரு பொண்ணுக்கு ஊருக்குத் தெரியாம பணம் அனுப்புதேன்னு வையி.”

“எனக்கே யாராவது அனுப்புனா நல்லதுன்னு உக்காந்திருக்கேன்.”

“வையின்னேன். காரணம்னு கேட்டா என்ன போடுவ?”

“கிஃப்ட்னு போடுவேன். கிஃப்ட்டு குடுத்தவனை எவன் நிறுத்திக் கேள்வி கேக்கான்?”

“அது பாட்டுக்கு மாட்டாம போய்க்கிட்டு இருக்கு. அந்த நேரத்துல உன்னைக் காட்டிக் குடுக்கிற வார்த்தைக்கு நீயா மாறுவியா?”

வேலு யோசித்தான். பிறகு, ஓசியில் போகிறவன் எவனும் பாதி வழியில் எழுந்து வந்து டிக்கெட் கேட்க மாட்டான் என்றும், அப்படிக் கேட்கிறவன் ஏறும்போதே எடுக்க நினைத்துக் கூட்டத்தில் எடுக்க முடியாமல் போனவனாகத்தான் இருப்பான் என்றும் தன் அனுபவத்திலிருந்து சொன்னான்.

ஜெபசுதாவுக்கும் அப்படித்தான் பட்டது. பொய் சொல்கிறவர்கள் பாதுகாப்பான வார்த்தையை விட்டு நகர மாட்டார்கள். இங்கே யாரோ அந்த வார்த்தை பொறுக்காமல் நகர்ந்திருக்கிறார்கள். உண்மையைப் போட்டுவிட்டுத்தான் நிம்மதியாகியிருக்கிறார்கள்.

இருவரும் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மகாராஜா என்பவரைப் பார்க்கப் போனார்கள். அவர் இப்போது வெளிநாட்டுப் பணம் வாங்கிக் கொடுக்கும் சிறிய கடை வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் மஸ்கட்டில் இதே மாதிரிக் கம்பெனியின் கவுன்டரில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தவர். ஜெராக்ஸைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, இதில் என்ன சந்தேகம் என்று கேட்டார்.

அங்கே கவுன்டரில் யாருக்கு, என்ன உறவு, எதற்கு என்று மூன்றையும் கேட்பார்களாம். தோழிக்கு என்றால் கிஃப்ட் என்று தட்டிவிடுவார்களாம். முறையும் அதுதான். ஆனால் தோழியின் அக்கவுன்ட் வழியாகத் தன் வீட்டுக்கு அனுப்புகிறவர்களும் வருவார்களாம். வீட்டில் பேங்க் கணக்கு இல்லாதவர்கள், வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். அவர்களிடம் கிஃப்ட் என்று போடட்டுமா என்று கேட்டால் சிலருக்கு முகம் சுருங்கிவிடுமாம்.

“பேங்க்காரன் கேட்டா கிஃப்ட்னு போடுததுதான் சரி. ஆனா பெத்தவங்களுக்கு அனுப்புத துட்ட கிஃப்ட்டுன்னு சொல்ல எல்லாருக்கும் மனசு வராதும்மா” என்றார் மகாராஜா. “நானே எத்தனையோ பேருக்கு, யாரு சாப்பிடப் போறாங்கன்னு கேட்டு, அதைப் பாத்துத்தான் தட்டிவிட்டிருக்கேன்.”

வெளியே வந்து பைக் பக்கத்தில் நின்றபோதுதான் ஜெபசுதாவுக்கு அது முழுதாக விளங்கியது. கணக்கு யார் பெயரிலோ அவள்தான் அந்தக் குடும்பம் என்று எடுத்துக்கொண்டது தன்னுடைய அவசரம் மட்டும்தான். பணம் ஜெயபிரியாவின் கணக்குக்குள் வந்ததே தவிர, அவளிடம் தங்குவதற்காக வரவில்லை.

“அப்ப அது யாரு வயித்துக்குப் போவுது?” என்றான் வேலு.

“எல்லா மாசமும் ஒரு தடவை. எந்த மாசமாவது ரெண்டு தடவை வந்திருக்கா, பாரு.”

அவன் பைக் சீட்டில் தாளை விரித்துப் பார்த்தான். மாதப் பணம் போக, ஜூலை கடைசியில் ஒன்று, ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒன்று கூடுதலாக வந்திருக்கிறது என்றான்.

ரெண்டும் ஆடி. ஜெபசுதாவின் கண்முன் மாடிப்படியில் சாய்ந்து சாய்ந்து ஏறிய ஒரு வலது கால் வந்து நின்றது. வண்டியை முத்தையாபுரத்துக்கு விடச் சொன்னாள்.

வழியெல்லாம் மழைத் தண்ணீர் நின்ற உப்பளங்கள். துறைமுகத்துக்குப் போகும் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி வேலு வண்டியை ஓட்டினான். காற்றில் அவனுடைய பேச்சில் பாதிதான் பின்னால் வந்து சேர்ந்தது. அந்தப் பாதியும் சம்பளத்தைப் பற்றித்தான் இருந்தது.

மருந்துக்கடை முதலாளி செல்வதுரை அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். வேலு தனக்கு இல்லாத மாமனார் ஒருவருக்கு இருக்கும் சர்க்கரை வியாதியைப் பற்றி உருக்கமாகச் சொல்லிவிட்டு, ஆறுமுகத்தாய் அம்மாள் வாங்குகிற அதே ஊசி, அதே பாதி விலை ஸ்கீமில் வேண்டும் என்று கேட்டான்.

அண்ணாச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தார். “ஸ்கீமா? அந்தக் கம்பெனிக்காரன் வருஷப் பிறப்புக்கு ஒரு காலண்டர் குடுக்க மாட்டான் தம்பி.”

“அப்ப அந்த அம்மாவுக்கு மட்டும் எப்படி?”

அவர் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். மீதி விலையை ஜெயபிரியாதான் கட்டுகிறாள் என்றார். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் ஆரம்பித்தாளாம். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அவரிடம் வாக்கு வாங்கியிருக்கிறாளாம். கல்யாணம் நின்றுபோன வயிற்றெரிச்சலில்தான் இப்போது வாயைத் திறந்தாராம்.

வேலு ஜெபசுதாவின் காதருகே வந்தான். மாமியாரைக் கைக்குள் போட்டுக்கொள்ளப் பார்த்திருக்கிறாள், ஊசியிலேயே ஆரம்பித்துவிட்டாள் பாருங்கள் என்றான். ஜெபசுதா அவனை முறைத்தாள். ஆறுமுகத்தாய் மருமகளை முடிவு செய்ததே ஆடியில்தான். பாதி விலை அதற்கு வெகு நாளைக்கு முன்பே தொடங்கிவிட்டது. யார் மாமியார் ஆகப் போகிறாள் என்று தெரியாத காலத்திலேயே ஒருத்தி எதற்காக முன்பின் தெரியாத கிழவிக்கு மருந்து வாங்கிக் கொடுக்க வேண்டும்? அதுவும் மஸ்கட்டிலிருந்து வருகிற பணத்தில்?

பேச்சுக் குரல் கேட்டு ஜெயபிரியா உள்ளேயிருந்து வந்தாள். சில நாளாகச் சரியாகச் சாப்பிடாத முகம். கையில் ஒரு சின்ன தெர்மோகோல் பெட்டி. ஜெபசுதாவைக் கண்டதும் நின்றாள். எவ்வளவு தூரம் தெரிந்துவிட்டது என்பதை ஜெபசுதாவின் முகமே அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

“அவங்ககிட்ட சொல்லிராதீங்க அக்கா.”

“உன் பேரு கெட்டுப் போயி நிக்குதும்மா. நீ எதுக்கு இன்னும் வாயை மூடிக்கிட்டு இருக்க?”

“யாரு பணம்னு தெரிஞ்சா அவங்க ஊசியை நிறுத்திருவாங்க. ஆடியிலயே அந்தக் காலை எடுக்கணும்னு சொன்னாங்க டாக்டர். இனி ஒரு தடவை தாங்காது.” பெட்டியை நீட்டினாள். “வீட்டுல இருந்தது இன்னிக்கோட தீந்திருக்கும். என் கையால குடுத்தா இனிமே வாங்க மாட்டாங்க. நீங்க குடுத்துருங்க. கம்பெனி ஸ்கீம்னே சொல்லிருங்க.”

ஜெபசுதா பெட்டியை வாங்கிக்கொண்டாள். உள்ளே ஐஸ் பை இருந்ததால் அடிப்பக்கம் சில்லென்றிருந்தது. தன்னைக் கெட்டுப்போனவள் என்று சொல்லிக் கல்யாணத்தை நிறுத்திய வீட்டுக்கு, மருந்து தீர்ந்திருக்குமே என்று கவலைப்படுகிறாள் இந்தப் பெண். அவளைத்தான் சார்ஜரைத் தேடிக்கொண்டே ஒரு வார்த்தையில் முடித்துக்கட்டினோம் என்று நினைத்தபோது ஜெபசுதாவுக்கு அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்கு முன் வேறு யாரோ வாடிக்கையாளர் இருமல் மருந்து கேட்டு வந்துவிட்டார்.

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் பேசினாள்.

“வேலு, உசுரே போனாலும் சரின்னு ஒரு பொம்பளை மருந்தைத் தூக்கி எறிவா. யாரு பணமா இருந்தா அப்படிச் செய்வா? கடன்காரன் பணமா இருந்தா எறிய மாட்டா. எதிராளி பணமா இருந்தாக்கூட வாங்கிப் போட்டுக்கிடுவா.”

வேலு வழக்கம்போல் எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டான். “பெத்த பிள்ளை பணமா இருந்தாதான் அக்கா அவ்வளவு வீம்பு வரும். நான் மினி பஸ்ல வாங்குன முதல் சம்பளத்துல எங்கம்மாவுக்கு ஒரு சேலை எடுத்தேன். கண்டக்டர் வேலைக்குப் போகக்கூடாதுன்னு சண்டை போட்ட நேரம். இன்னும் அதைப் பிரிக்கல.”

“ஆனா இவளுக்கு சொரிமுத்து ஒருத்தன்தான்னு சொன்னாளே.”

“நம்மகிட்ட சொன்னா. மகன்கிட்டயும் கேட்டுப் பாப்போம்.”

சொரிமுத்துவைத் தேடி துறைமுகம் வரை போக வேண்டியிருக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து, வீட்டுக்கு எதிரே நிறுத்திய தன் பைக்கிலேயே ஹெல்மெட்டை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். கல்யாணம் நின்றதிலிருந்து உள்ளே போவதற்கு முன் இப்படித்தான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பதாக அவனே சொன்னான். ஜெபசுதா சுற்றி வளைக்காமல், மஸ்கட்டில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

அவன் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் திறந்து மூடினான். பிறகு, அக்கா என்றான்.

பெயர் சரண்யாதேவி. பாளையங்கோட்டையில் நர்ஸிங் படித்தவள். சாத்தான்குளத்துப் பையன் ஒருவனை, வேதக்காரப் பையனை, ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு போனவள். சொல்லிவிட்டு அவன் ஜெபசுதாவின் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிலுவையைப் பார்த்துச் சங்கடப்பட்டான். அக்காவுக்குக் கோபம் வராது, சம்பள விஷயத்தில் மட்டும்தான் வைராக்கியம் என்று வேலு அவனைத் தேற்றினான்.

இனி உன் கைத் தண்ணீர்கூட என் தொண்டையில் இறங்காது என்று அம்மா அன்றைக்குச் சொன்னாளாம். அதிலிருந்து வீட்டில் அந்தப் பெயரை யாரும் எடுப்பதில்லை. கேட்பவர்களிடம் ஒரே பிள்ளை என்றே அம்மா சொல்லிக்கொள்வாளாம். ஜெயபிரியாவும் அக்காவும் பாளையங்கோட்டையில் ஒரே ஹாஸ்டலில் இருந்திருக்க முடியுமா என்று ஜெபசுதா கேட்டாள். அவன் விழித்தான். ஜெயபிரியாவும் அங்கேதான் படித்தாள், ஆனால் அதைத் தான் இதுவரை சேர்த்துப் பார்த்ததில்லை என்றான். சேர்த்துப் பார்த்ததும் ஹெல்மெட் அவன் மடியிலிருந்து நழுவியது. வேலு அதைப் பிடித்துக்கொண்டான்.

“அக்காளைக் கூப்பிடுவோம்மான்னு அம்மாகிட்ட கேக்கணும்னு எப்பவும் நினைப்பேன்” என்றான் சொரிமுத்து. “மேல கிரேன்ல உக்காந்திருக்கும்போது நல்லா வார்த்தை வரும். கீழ இறங்குனா போயிரும். ஜெயபிரியா விஷயத்துலயும் அப்படித்தான் நின்னுட்டேன்.”

வாசல் திறந்துதான் இருந்தது. ஆறுமுகத்தாய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஒரு முக்காலியில் நீட்டி வைத்திருந்தாள். ஜெபசுதாவைப் பார்த்ததும் முகம் இறுகியது. விசாரித்த கூலியை அன்றைக்கே கொடுத்துவிட்டேனே என்றாள்.

ஜெபசுதா தெர்மோகோல் பெட்டியை டி.வி. ஸ்டாண்டில் வைத்தாள். வரும் வழியெல்லாம் அவள் யோசித்து வைத்திருந்தது இதுதான்: சரண்யாதேவியின் பெயரை எடுக்கக்கூடாது. அதை எடுத்தால் அந்தப் பெண் தன் கல்யாணத்தையே கொடுத்துக் காப்பாற்றிய ஊசி நின்றுபோகும். எடுக்காவிட்டால் அவள் பேரில் விழுந்த கறை நிற்கும். இரண்டுக்கும் நடுவில் தன்னால் திருத்தக்கூடியது தான் சொன்ன வார்த்தை ஒன்றைத்தான்.

“அம்மா, அன்னிக்கு நான் உங்களுக்குத் தப்பா சொல்லிட்டேன். புருஷன் அனுப்பினாத்தான் அப்படிப் போடுவாங்கன்னு கிடையாது. அந்தப் பொண்ணுக்குப் புருஷனே கிடையாது. நான் அந்தத் தாளை ஒழுங்காப் பாக்காம, உங்க மூஞ்சியையும் பாக்காம வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அதுல போட்டிருக்கிறது குடும்பம்னு மட்டுந்தான். முதல்ல கிஃப்ட்னு போட்டு அனுப்பியிருக்காங்க. அப்படியே போட்டிருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. ஆனா அப்படிப் போட மனசு வராம, இது என் குடும்பத்துக்குன்னு மாத்தியிருக்காங்க. எந்தக் குடும்பம்னு என்னால சொல்ல முடியாது. அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல, அதை மட்டும் சொல்லத்தான் வந்தேன்.”

ஆறுமுகத்தாய் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொரிமுத்து வாசற்படியைத் தாண்டாமல் நின்றான். வேலு, தன்னால் இவ்வளவு நேரம் பேசாமலிருக்க முடியும் என்பதைத் தானே அப்போதுதான் கண்டுபிடித்தவன் போல நின்றான்.

“உன்கிட்ட நான் ரெண்டாவது தடவை ஒண்ணு கேட்டேன்” என்றாள் ஆறுமுகத்தாய். “வேற யாரும் அனுப்புனா அப்படிப் போட மாட்டாவளான்னு கேட்டேன்.”

“கேட்டீங்க.”

“அது எதுக்குக் கேட்டேன்னு நினைச்ச? அந்தப் பிள்ளை மேல சந்தேகப்பட்டா?” அவள் குரல் தணிந்தது. “எந்தக் கடைக்காரன் பாதி விலைக்கு ஊசி குடுப்பான்? எனக்கு அது தெரியாதாக்கும். ஆரோ குடுக்காவ, ஆருன்னு கேட்டா நின்னு போயிரும்னு கேக்காமலே இருந்தேன். ஊசி நின்னு போயிரும்னு பயப்படல. குடுக்கது நான் பெத்த மகதான்னு ஒரு நினைப்பு இருந்துச்சு. அந்த நினைப்பு நின்னு போயிரும்லா.”

வாசலில் சொரிமுத்து அசைந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

“அந்தத் தாள்ல மஸ்கட்டுன்னு பாத்தேன். குடும்பம்னு போட்டிருக்குன்னு இவந்தான் வாசிச்சுச் சொன்னான். இன்னும் நம்மள குடும்பம்னு எழுதுதாளேன்னு அப்பமே பஸ் ஏறிட்டேன். மகன்கிட்ட கேக்க வாய் வரல. அந்தப் பிள்ளைகிட்ட கேக்க வீம்பு விடல. அசலாளுகிட்ட கேப்போம்னு உன்கிட்ட வந்தேன். ஆமாம்மா, மகளும் அனுப்பலாம்னு நீ ஒரு வார்த்தை சொல்லுவேன்னு பாத்தேன். நீ புருஷன்னுட்ட. திருப்பிக் கேட்டேன். பெறவும் புருஷன்னுட்ட.” சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அந்த ஏமாத்தத்தை எல்லாம் அந்தப் பிள்ளை தலையில கொட்டிட்டேன்.”

ஒரு பெண்ணின் கல்யாணத்தைத்தான் கெடுத்தோம் என்று ஜெபசுதா இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். அதே வார்த்தை இந்தத் தாயிடமிருந்து மகளையும் இன்னொரு தடவை பிடுங்கியிருக்கிறது. அவள் மெல்லத் தரையில், முக்காலியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மன்னித்துவிடுங்கள் என்று சொன்னது அவளுக்கே கேட்டதா என்று தெரியவில்லை.

ஆறுமுகத்தாய் மகன் பக்கம் திரும்பினாள். “உன்கிட்ட அவ நம்பர் இருக்கா?”

சொரிமுத்து செல்போனை எடுத்தான். திரையில் ‘கிரேன் சர்வீஸ்’ என்று மறைத்து வைத்திருந்த பெயரை அழுத்தினான். வேலு அதைப் பார்த்துவிட்டு ஜெபசுதாவைப் பார்த்தான். மணி அடித்தது. எடுத்ததும் அந்தப் பக்கத்துக் குரல் பதறி, தம்பி, அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டது. அவன் பதில் சொல்லாமல் போனை அம்மாவின் காதருகே கொண்டுபோனான்.

ஆறுமுகத்தாய் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள். அவளுடைய மூச்சுச் சத்தம் மட்டும் போயிருக்க வேண்டும். அந்தப் பக்கமும் சட்டென்று அடங்கிவிட்டது.

“ஊசி வந்துட்டு” என்றாள்.

அந்தப் பக்கம் யாரோ அழுகையை வாயில் பொத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“காலையில அந்தப் பிள்ளைகிட்ட போயி மன்னிப்பு கேக்கப் போறேன். உன் சிநேகிதிதான். அவ மனசு இறங்குனா தையில கல்யாணம். அவளுக்குத் தாலி கட்டும்போது பின்னால நின்னு முடிச்சுப் போட நாத்தனார் வேணும்லா, தெருவுல போற ஆளையா கூப்பிட முடியும்?” அதட்டலாகத் தொடங்கிய குரல் நடுவழியில் உடைந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். “வீட்டுக்கு வா ஏளா. மருமகனையும் கூட்டிட்டு வா.”